பங்காளிச் சண்டையில் போன மணிமுடி: ஹேஸ்டிங்ஸ் மேட்டிலிருந்து

வணக்கம் மக்களே. முதலிலேயே மன்னிப்பு கேட்டுவிடுகிறேன். இன்றைக்குக் காற்று பலமாக அடிக்கிறது, மைக்கில் புஸ்புஸ்ஸென்று சத்தம் வரும். பஞ்சு உறை மாட்டியும் அடங்கவில்லை. சொல்லப்போகிற கதையில் காற்றும் ஒரு முக்கியமான ஆள்தான், அதனால் அதுவும் பேசிவிட்டுப் போகட்டும்.

நான் நிற்கிற ஊரின் பெயர் பேட்டில். ஆமாம், சண்டை என்றே ஓர் ஊருக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். லண்டன் சாரிங் கிராஸில் ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரம் போல ஆகும். ஹேஸ்டிங்ஸ் போர் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அது ஹேஸ்டிங்ஸில் நடக்கவில்லை, அங்கிருந்து பத்துக் கிலோமீட்டர் உள்ளே, இந்த மேட்டில்தான் நடந்தது. 1066 அக்டோபர் 14, சனிக்கிழமை. இங்கிலாந்தின் கடைசி ஆங்கிலோ-சாக்சன் அரசன் ஹரால்ட் காட்வின்சன் இந்த இடத்தில் செத்துப்போனார்.

யாரைக் கேட்டாலும் கண்ணில் அம்பு பட்டுச் செத்தார் என்பார்கள். அந்த அம்புக்கு அப்புறம் வருகிறேன். என் கணக்கில் ஹரால்டைக் கொன்றது அம்பு இல்லை. கூடப் பிறந்த தம்பிதான். நம் ஊர் மொழியில் சொன்னால் சுத்தமான பங்காளிச் சண்டை.

சரி, கொஞ்சம் பின்னால் போவோம். எட்வர்ட் என்று ஓர் அரசர். பக்திமான், பிள்ளை கிடையாது. ஆசை ஆசையாக வெஸ்ட்மின்ஸ்டரில் பெரிய தேவாலயம் கட்டினார். 1065 டிசம்பர் 28 அன்று அதற்குப் பிரதிஷ்டை. அந்த விழாவுக்கே எழுந்து போக முடியாத அளவுக்குப் படுத்த படுக்கை. ஜனவரி 5 அன்று இறந்தார். மறுநாளே அதே தேவாலயத்தில் அடக்கம், அன்றைக்கே ஹரால்டுக்கு முடிசூட்டு. பந்தலைக்கூடப் பிரிக்கவில்லை என்போமே, அந்த அவசரம்.

ஏன் அவசரம்? உரிமை கேட்டு வரிசையில் நிற்கிற ஆட்கள் அப்படி. கடலுக்கு அக்கரையில், இன்றைய பிரான்சில் இருக்கிற நார்மண்டிக்குப் பிரபு வில்லியம், எட்வர்டின் தாய்வழிச் சொந்தம். எட்வர்ட் இளமையில் இருபது வருடத்துக்கு மேல் நார்மண்டியில்தான் அகதியாக இருந்தார். அந்த நன்றிக்கு அரியணை எனக்குத்தான் என்று வாக்குக் கொடுத்தார் என்பது வில்லியம் கட்சி. அடுத்தது நார்வே அரசர் ஹார்ட்ராடா. இவர் பெயரும் ஹரால்ட்தான், குழப்பம் வேண்டாம், ஹார்ட்ராடா என்றே சொல்கிறேன். இவருக்கு முன்னால் நார்வேயை ஆண்ட அரசர், எட்வர்டுக்கு முன்னால் இங்கிலாந்தை ஆண்ட அரசரோடு போட்ட ஒப்பந்தத்தைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு வந்தார். மூன்றாவது ஆள், ரத்த உறவில் உண்மையான வாரிசு, எட்கர். பதினான்கு வயதுப் பையன், அவனை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஹரால்ட் யார்? அரசரின் மைத்துனர். ஹரால்டின் அக்கா, தங்கை யாரென்று துல்லியமாகச் சொல்லாமல் சகோதரி என்றே வைத்துக்கொள்வோம், எடித் என்ற அந்தப் பெண்தான் எட்வர்டின் ராணி. ராஜ ரத்தம் ஒரு சொட்டுக் கிடையாது. ஆனால் படை, நிலம், செல்வாக்கு எல்லாம் அவர் கையில். சாகும்போது எட்வர்ட் நாட்டை அவரிடம் ஒப்படைத்ததாகச் சொன்னார்கள். விட்டன் என்ற பெரியவர்கள் அவை அவரை ஏற்றுக்கொண்டது. அன்றைய இங்கிலாந்தில் அரசனை ஏற்பது அந்த அவைதான், அப்பா ஆண்டார் என்பதற்காக மகன் தானாக உட்கார்ந்துவிட முடியாது. ஆக ஹரால்ட் திருடிக்கொண்டார் என்று நான் சொல்லமாட்டேன்.

ஒரு முள் மட்டும் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஹரால்ட் நார்மண்டிப் பக்கம் போய் மாட்டிக்கொண்டபோது, புனிதர்களின் எலும்புப் பேழைமேல் கை வைத்து, அரியணைக்கு உங்களைத்தான் ஆதரிப்பேன் என்று வில்லியமுக்குச் சத்தியம் செய்தார் என்பது நார்மானியர்களின் கதை. வில்லியம் கையில் சிக்கியிருக்கிறவன் வேறு என்ன செய்வான்?

இப்போது தம்பிக்கு வருவோம். பெயர் டாஸ்டிக். வடக்கே நார்தம்பிரியாவுக்கு எர்ல், அதாவது குறுநில மன்னர் மாதிரி. பத்து வருடம் ஆண்டார், வரியும் கெடுபிடியும் தாங்காமல் 1065 அக்டோபரில் அங்கே ஜனங்கள் கிளம்பிவிட்டார்கள். டாஸ்டிக்கின் ஆட்களை யார்க்கில் வெட்டிப்போட்டு, மோர்கார் என்ற இளைஞனை எர்லாக வைத்துக்கொண்டார்கள். அரசர் சமாதானம் பேச ஹரால்டைத்தான் அனுப்பினார். ஹரால்ட் போய்ப் பார்த்தார், உள்நாட்டுப் போர் மூளும் என்று புரிந்தது, தம்பியைக் கைவிட்டார். டாஸ்டிக் அரசவையில் எல்லோர் முன்னாலும், இந்தக் கலகத்தைத் தூண்டிவிட்டதே நீதான் என்று அண்ணனைப் பார்த்துக் கத்தியிருக்கிறார். அப்புறம் நாடு கடத்தல். அதோடு விட்டிருந்தால் ஆறியிருக்கும். ஹரால்ட் அடுத்து கல்யாணம் செய்துகொண்டது யாரை? தம்பியின் இடத்தைப் பிடித்த அந்த மோர்காரின் சகோதரியை! அரசியல் கணக்கில் சரிதான். டாஸ்டிக்குக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

1066 ஏப்ரல் கடைசியில் வானத்தில் வால்நட்சத்திரம் தெரிந்தது. இன்றைக்கு நாம் ஹாலி என்று சொல்கிற அதே நட்சத்திரம். ஒரு வாரம் ஜனங்கள் அண்ணாந்து பார்த்துப் பயந்தார்கள். ஹரால்ட் அந்த வருடம் அடித்த வெள்ளிக் காசில் ஒரு பக்கம் அவர் தலை, மறுபக்கம் நட்டநடுவில் ‘பாக்ஸ்’ என்று மூன்றே எழுத்து. லத்தீனில் சமாதானம். நேரத்தைப் பாருங்கள்.

கோடை முழுக்க ஹரால்ட் தெற்குக் கடற்கரையில் படையோடு காத்திருந்தார். அக்கரையில் வில்லியம் கப்பல்களைக் கட்டி முடித்துவிட்டார், காற்று மட்டும் வாய்க்கவில்லை. வாரக்கணக்கில் அவரும் காத்திருந்தார், இவரும் காத்திருந்தார். ஹரால்டின் படையில் பாதிக்கு மேல் விவசாயிகள். அறுப்பு நேரம், கையிருப்பும் தீர்ந்துவிட்டது. செப்டம்பர் 8 அன்று வேறு வழியில்லாமல் வீட்டுக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்.

சில நாட்களிலேயே வடக்கிலிருந்து சேதி. ஹார்ட்ராடா முந்நூறு கப்பல்களோடு இறங்கிவிட்டார். பக்கத்தில் யார்? டாஸ்டிக். செப்டம்பர் 20 அன்று யார்க் அருகே ஃபுல்ஃபோர்டில் மோர்காரும் அவர் அண்ணன் எட்வினும் தோற்றுப்போனார்கள். ஹரால்ட் லண்டனிலிருந்து யார்க் வரைக்கும் ஏறத்தாழ 300 கிலோமீட்டரை நான்கைந்து நாளில் கடந்து, 25ஆம் தேதி ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜில் எதிரியின் முன்னால் போய் நின்றார். ஹார்ட்ராடாவின் ஆட்கள் வெயிலுக்காக இரும்புச் சட்டைகளைக் கப்பலிலேயே கழற்றிவைத்துவிட்டு வந்திருந்தார்களாம்.

போருக்கு முன்னால் நடந்ததாக ஐஸ்லாந்துக்காரர்கள் ஒரு கதை எழுதி வைத்திருக்கிறார்கள். நூற்றைம்பது வருடத்துக்குப் பின் எழுதியது, அதனால் கதையாகவே கேளுங்கள். இங்கிலாந்துப் பக்கமிருந்து ஒரு குதிரைவீரன் முன்னால் வந்து, டாஸ்டிக், உன் அண்ணன் உனக்கு நார்தம்பிரியாவைத் திருப்பித் தருகிறார், வந்துவிடு என்கிறான். சரி, என்னோடு வந்த நார்வே அரசருக்கு என்ன தருவார் என்று டாஸ்டிக் கேட்கிறார். ஏழடி நிலம், அவர் மற்றவர்களைவிட உயரம் என்பதால் வேண்டுமானால் இன்னும் கொஞ்சம் கூட. நம் ஊரில் ஆறடி நிலம்தான் சொந்தம் என்போம், இங்கே ஓரடி தாராளம். அவன் போனதும் ஹார்ட்ராடா கேட்கிறார், நன்றாகப் பேசினானே, யார் அவன்? டாஸ்டிக் சொல்கிறார், அவன்தான் என் அண்ணன் ஹரால்ட். முதலிலேயே சொல்லியிருந்தால் உயிரோடு திரும்பியிருக்க மாட்டானே என்கிறார் இவர். தெரியும், அவனைக் கொன்றவன் நான் என்பதைவிட, என்னைக் கொன்றவன் அவன் என்று இருக்கட்டும் என்கிறார் டாஸ்டிக்.

டாஸ்டிக்கும் செத்தார், ஹார்ட்ராடாவும் செத்தார். முந்நூறு கப்பலில் வந்தவர்கள் திரும்பிப் போக 24 கப்பல் போதுமானதாக இருந்தது.

அப்புறம் காற்று திரும்பியது. செப்டம்பர் 27 இரவு வில்லியம் பாய் விரித்தார், 28 காலையில் பெவென்சியில் இறங்கினார். எதிர்க்க ஒரு ஆள் இல்லை. எல்லோரும் யார்க் பக்கம் இருந்தார்கள். தம்பி வடக்கே இழுத்துக்கொண்டு போகாவிட்டால் ஹரால்ட் அன்றைக்கு இந்தக் கரைக்கு எவ்வளவோ பக்கத்தில் இருந்திருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு தம்பி, கிர்த். அவர் நல்லவர். சத்தியம் செய்தது நீ, நான் இல்லை. நான் போய்ச் சண்டை போடுகிறேன், நீ பின்னால் இருந்து ஆள் சேர் என்று கெஞ்சியதாகப் பிற்காலத்து வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். ஹரால்ட் கேட்கவில்லை.

கேமராவைத் திருப்புகிறேன், பாருங்கள். மேலே நான் நிற்கிற இடத்தில் ஹரால்டின் ஆட்கள், எல்லோரும் தரையில், கேடயத்தோடு கேடயம் ஒட்டிச் சுவர் மாதிரி. கீழே அந்தச் சரிவுக்கு அடியில் வில்லியம், வில்லாளிகள், குதிரைகள். படம் பார்க்கும்போது சரிவு ஒன்றுமில்லை என்று தோன்றும். இப்போதுதான் கீழே போய்விட்டு ஏறி வந்தேன், அடியில் தரை சொதசொதவென்று இருக்கிறது, ஷூ முழுக்கச் சேறு. இதில் ஈரக் குதிரையை மேலே விரட்ட வேண்டும், மேலேயிருந்து இரண்டு கையாலும் வீசுகிற டேனிஷ் கோடாலி காத்திருக்கும். காலை ஒன்பது மணிக்குத் தொடங்கிப் பொழுது சாயும் வரை அந்தச் சுவர் நின்றது. அந்தக் காலத்துப் போர்களில் பாதி நாள்கூட அதிகம்.

நடுவில் வில்லியம் செத்துவிட்டார் என்று புரளி கிளம்பி நார்மானியர்கள் ஓடத் தொடங்கினார்கள். அவர் தலைக்கவசத்தைத் தூக்கி முகத்தைக் காட்டினார். ஓடியவர்களைத் துரத்திக்கொண்டு இறங்கிய இங்கிலாந்து ஆட்கள் கீழே சுற்றி வளைக்கப்பட்டுச் செத்தார்கள். அதைப் பார்த்த பிறகு நார்மானியர்கள் வேண்டுமென்றே ஓடுவது போல நடித்தார்கள். சுவரில் ஓட்டை விழுந்தது. கிர்த்தும் கடைசித் தம்பிகளில் ஒருவரான லியோஃப்வினும் விழுந்தார்கள்.

சரி, அம்பு. ஆதாரம் பாயோ டேப்பஸ்ட்ரி, இந்தப் போரின் கதையைப் படம் படமாகச் சொல்கிற, ஏறத்தாழ 70 மீட்டர் நீளமான துணி. டேப்பஸ்ட்ரி என்கிறார்களே தவிர நெசவு இல்லை, லினன் துணியில் கம்பளி நூலால் போட்ட தையல் வேலை. ‘இங்கே ஹரால்ட் அரசர் கொல்லப்பட்டார்’ என்ற லத்தீன் வரிக்குக் கீழே இரண்டு ஆட்கள். ஒருவர் முகத்தருகே அம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அடுத்தவர் குதிரைவீரனின் வாளுக்குத் தொடையில் வெட்டு வாங்கிச் சாய்கிறார். இதில் ஹரால்ட் யார்? ஒருவரா, இரண்டுமே அவரா? பதினெட்டாம் நூற்றாண்டில் இந்தத் துணியைப் பார்த்து வரைந்த படத்தில் முதல் ஆள் கையில் இருப்பது ஈட்டி போலத் தெரிகிறது, இறகே இல்லை. பிறகு பழுது பார்த்தவர்கள் அதை அம்பாக்கிவிட்டார்கள் என்பது பல பேர் வாதம். போருக்குச் சில காலத்திலேயே எழுதியதாகச் சொல்லப்படும் ஒரு லத்தீன் கவிதையில் அம்பே கிடையாது, நான்கு பேர் சேர்ந்து வெட்டினார்கள் என்று இருக்கிறது. எனக்கு அதுதான் நம்பும்படி இருக்கிறது.

இதைவிட என்னை உலுக்கியது அவர் அம்மா, கித்தா. செப்டம்பர் 25 அன்று டாஸ்டிக். அக்டோபர் 14 அன்று ஹரால்ட், கிர்த், லியோஃப்வின். பத்தொன்பது நாளில் நான்கு பிள்ளைகள். மகனின் உடலைக் கொடுங்கள், எடைக்கு எடை தங்கம் தருகிறேன் என்று வில்லியமிடம் ஆள் அனுப்பினார். மறுத்துவிட்டார். முகம் அடையாளம் தெரியாமல் சிதைந்து கிடந்த உடலை, ஹரால்டோடு பல வருடம் வாழ்ந்த எடித் என்ற பெண், தனக்கு மட்டுமே தெரிந்த அடையாளங்களை வைத்துக் கண்டுபிடித்தாள் என்று வால்தம் மடத்தார் எழுதி வைத்தார்கள். ராணி எடித் இல்லை, இவள் வேறு. அன்னக் கழுத்துக்காரி என்று பட்டப்பெயர்.

ஹரால்ட் கடைசி அரசர் என்று தொடங்கினேன், அதிலும் ஒரு சின்ன வில்லங்கம். அவர் செத்த பிறகு லண்டனில் கூடியவர்கள் யாரும் திரும்பிப் பார்க்காத அந்தப் பையன் எட்கரை அரசனாகத் தேர்ந்தெடுத்தார்கள். முடிசூட்டுவதற்குள் வில்லியம் சுற்றி வளைத்துவிட்டார், பையன் பணிந்தான். 1066 கிறிஸ்துமஸ் அன்று வெஸ்ட்மின்ஸ்டரில் வில்லியமுக்கு முடிசூட்டு. உள்ளே ஜனங்கள் வாழ்த்துக் கோஷம் போட்டார்கள். வெளியே நின்ற நார்மானியக் காவலர்களுக்கு மொழி புரியவில்லை, கலகம் என்று நினைத்துச் சுற்றியிருந்த வீடுகளுக்குத் தீ வைத்தார்கள்.

இதோ என் காலடியில் இருக்கிற கல், இதுதான் ஹரால்ட் விழுந்த இடம் என்பார்கள். வில்லியம் பிராயச்சித்தமாக இங்கே ஒரு மடம் கட்டச் சொன்னார். மேட்டில் தண்ணீர் இல்லை என்று துறவிகள் கொஞ்சம் தள்ளி வேலையைத் தொடங்க, சரியாக அந்த இடத்தில்தான் பலிபீடம் வர வேண்டும் என்று பிடிவாதமாக மாற்ற வைத்தார். தண்ணீர் இல்லையென்றால் என்ன, வேறு மடத்தில் தண்ணீர் கிடைப்பதைவிட இங்கே திராட்சை மது அதிகமாகக் கிடைக்கும்படி செய்கிறேன் என்றாராம். மடத்தின் தேவாலயமும் இடிந்துபோய், பலிபீடம் இருந்த இடத்தில் இப்போது புல்லும் இந்தக் கல்லும்தான்.

கித்தா மட்டும் அடங்கவில்லை. 1068இல் எக்ஸிடர் நகரமே அவருக்காக வில்லியமை எதிர்த்து நின்றது. நகரம் விழுந்ததும் ஒரு சின்னத் தீவில் கொஞ்ச காலம் இருந்துவிட்டுக் கடல் கடந்து போய்விட்டார். அவர் பெயரையே வைத்த பேத்தி, ஹரால்டின் மகள், பின்னால் கீவ் இளவரசர் விளாடிமிர் மோனமாக்கைக் கல்யாணம் செய்துகொண்டாள்.

மழை தூற ஆரம்பித்துவிட்டது, லென்ஸில் துளி விழுகிறது. மைக்கையும் கழற்றுகிறேன், ஸ்டேஷனுக்கு நடக்க வேண்டும்.