ரிங் முனை கண்ணாடியாக மின்னினால் என்ன அர்த்தம்? | எஸ்டீம் டர்போ எஞ்சின்

வணக்கம் நண்பர்களே. அதே தண்டையார்பேட்டை, அதே தகரக் கொட்டகை. நேற்று மாலையிலிருந்து கோபம் தணியவில்லை, அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) பூட்டுவதற்காக, என் மாருதி எஸ்டீம் காரின் 1.3 லிட்டர் எஞ்சின் பிளாக்கை, அதாவது சிலிண்டர்கள் உள்ள உடலை, போரிங் பட்டறையில் கொடுத்திருந்தேன் அல்லவா? 74 மி.மீ. போரை (சிலிண்டர் துளையை) 74.5 பிஸ்டனுக்குப் பெரிதாக்கி, பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே 0.08 மி.மீ. இடைவெளி விடச் சொல்லி, சீட்டில் என் கையால் எழுதிக் கொடுத்தேன். வீட்டில் அளந்து பார்த்தால் நான்கு சிலிண்டரிலும் 0.04! கேட்டதற்கு, "அவ்வளவு விட்டால் வண்டி ஆயில் குடிக்கும் தம்பி" என்றார் பட்டறைப் பெரியவர். சாதாரண வார்ப்பு பிஸ்டனுக்கு அவர் சொல்வது சரி. நான் வாங்கியிருப்பது 2618 உலோகக் கலவையில் அடித்துச் செய்த ஃபோர்ஜ்டு பிஸ்டன். அதில் சிலிக்கன் குறைவு, சூட்டில் அதிகம் விரியும். டர்போ அழுத்தத்தில் 0.04 போதாது, பிஸ்டன் சுவரைக் கவ்விப் பிடித்துவிடும். காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது இந்தப் பிஸ்டன் டக்டக் என்று தட்டும், சூடேறியதும் அடங்கிவிடும். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும்.

மறுபடி ஹோன் செய்ய, அதாவது சுவரைத் தேய்த்துத் துளையைக் கூட்ட, 800 ரூபாய் கேட்டார்கள். சீட்டில் 0.08 என்று எழுதியிருக்கிறது, தவறு யாருடையது? முக்கால் மணி நேரம் நின்று பேசினேன். கடைசியில் பணம் வாங்காமல் செய்துகொடுத்தார்கள். லிங்கி செட்டி தெருவில் 4,200 சொன்ன, துளை அளக்கும் போர் கேஜைப் பேரம் பேசி 3,600க்கு வாங்கிய வீடியோவில், "இதெல்லாம் எதற்கு, பட்டறையில்தான் அளந்து கொடுப்பார்களே" என்று எத்தனை பேர் எழுதினீர்கள்! அந்த 3,600 ரூபாய் நேற்று ஒரே நாளில் திரும்பி வந்துவிட்டது. அது இல்லாவிட்டால் 0.04ஐ வைத்தே எஞ்சினைப் பூட்டியிருப்பேன்.

ஒன்றை விட்டுவிட்டேன். அளக்கும்போது பிஸ்டனும் பிளாக்கும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். மதியம் பிஸ்டனைத் தகரச் சுவரோரம் வைத்திருந்தேன். பிளாக்கைவிடப் பத்துப் பன்னிரண்டு டிகிரி சூடு கூடினாலே அலுமினியம் 0.02 மி.மீ. பெருத்துவிடும். இரண்டையும் ஒரே இடத்தில் இரவு முழுக்க வைத்து, விடியற்காலையில் மறுபடி அளந்த பிறகே பட்டறைக்குச் சண்டைக்குப் போனேன்.

இப்போது ரிங், அதாவது பிஸ்டனைச் சுற்றி அமர்ந்து வாயு கசியாமல் அடைக்கும், ஓரிடத்தில் வெட்டுள்ள வளையம். இதைக் கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன். போன எஞ்சினின் மேல் ரிங் இது. எண்ணூர் விரைவுச் சாலையில் நின்றுபோன அதே எஞ்சின். இரண்டு முனைகளையும் பாருங்கள், கண்ணாடி போல மின்னுகிறதா? சூட்டில் ரிங் நீண்டு முனைகள் ஒன்றோடொன்று முட்டியிருக்கின்றன. மேற்கொண்டு விரிய இடமில்லாமல் சுவரில் அழுந்தி, பிஸ்டனின் ரிங் பள்ளத்து விளிம்பையே பெயர்த்துவிட்டது. அன்று அந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே நான் விட்டது போர் அளவை 0.004ஆல் பெருக்கி வரும் இடைவெளி. டர்போ இல்லாத வண்டிக்கு அது போதும். டர்போவுக்கு 0.005 முதல் 0.006 வரை வேண்டும். நான் 0.0055 எடுத்தேன்: 74.5 மி.மீ. போருக்கு 0.41. இரண்டாவது ரிங்கிற்கு 0.45, இரண்டுக்கும் நடுவே காற்று அடைபட்டு மேல் ரிங்கைத் தூக்கிவிடக் கூடாது என்பதற்காக.

இடைவெளியைக் கூட்ட முனையை ராவும்போது, அரம் எப்போதும் ரிங்கின் வெளிவிளிம்பிலிருந்து உள்நோக்கியே போக வேண்டும், இல்லையென்றால் மேல்பூச்சு பெயர்ந்துவிடும். இரண்டு இழுப்பு, பிசிறு நீக்கு, போருக்குள் விட்டு, பிஸ்டனைத் தலைகீழாக வைத்து 25 மி.மீ. கீழே நேராகத் தள்ளு, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜைச் செருகு. 0.38 நுழைந்தது, 0.41 நுழையவில்லை. இன்னும் ஓர் இழுப்பு. இப்படியே எட்டு ரிங்கிற்கும் நான்கு மணி நேரம். ஒன்றுகூட வீணாகவில்லை, நண்பர்களே!

ஆனால் டர்போ என்றதும் எல்லா இடைவெளியையும் பெரிதாக்குகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. ரிங்கிலும் பிஸ்டனிலும் நாம் சூட்டுக்கு இடம் விடுகிறோம். கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங்கில் விடுவது எண்ணெய்ப் படலத்துக்கு. ஜர்னல் (பேரிங்குக்குள் சுழலும் கிராங்கின் பகுதி) விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதற்குச் சற்று மேல், அவ்வளவுதான். 45 மி.மீ. ஜர்னலுக்கு 0.045 முதல் 0.05. அதற்கு மேல் போனால் எண்ணெய் பக்கவாட்டில் வழிந்து அழுத்தம் இறங்கும். டர்போவின் தண்டும் இதே எண்ணெயில்தான் சுழல்கிறது, அதுவும் சேர்ந்து போய்விடும்.

மெயின் பேரிங்கில் மூன்று மூடிகளுக்கு, நசுங்கிய அகலத்தால் இடைவெளியைக் காட்டும் பிளாஸ்டிகேஜ் இழை வைத்துப் பார்த்தாயிற்று, மூன்றும் 0.05. இழை உள்ளே இருக்கும்போது கிராங்கைச் சுற்றவே கூடாது, இழுபட்டுத் தப்பான அளவு காட்டும். மீதி இரண்டு மூடிகளை நாளை காலை ஆறு மணிக்கு முன், தகரம் சூடேறுவதற்குள் பார்த்துவிடுவேன்.