"ரெண்டும் ஆட்டோமேட்டிக்தானே மேடம்?"

நேயர்களுக்கு வணக்கம். மதுரையில் பல வருடங்களாக ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தி வருகிறேன். ஓட்டக் கற்று முடித்துக் கிளம்பும்போது பலரும் என்னிடம் கேட்பது இதுதான்: "அக்கா, வீட்டுக்கு ஒரு எஸ்.யு.வி. வாங்கலாம்னு இருக்கோம். பெட்ரோல், ஆட்டோமேட்டிக். எது எடுக்கலாம்?" ஒரு பெயரை மட்டும் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை. இதே கேள்வியோடு நாங்களும் ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்கியவர்கள்தான்.

எங்கள் வீட்டில் ஐந்து பேர். நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள், அத்தை. அத்தைக்கு மூட்டுவலி. கிளட்ச் மிதித்து மிதித்து என் இடது முழங்காலும் தேய்ந்துவிட்டது. சாயங்காலம் ஆறு மணிக்குக் கோரிப்பாளையம் நெரிசலில் மாட்டியவர்களுக்கு அந்த வலி தெரியும். அதனால் ஆட்டோமேட்டிக்தான் என்பதில் வீட்டில் இரண்டு கருத்து இல்லை.

முதலில் போன ஷோரூமில் நாங்கள் கேட்டது ஒரு வகை கியர்பாக்ஸ், ஓட்டிப் பார்க்கக் கொடுத்தது வேறு வகை. ஏன் என்று கேட்டேன். "ரெண்டும் ஆட்டோமேட்டிக்தானே மேடம்" என்றார் அந்தத் தம்பி. எனக்கு வருத்தமாகிவிட்டது. பத்துப் பதினைந்து லட்சம் கொடுத்து வாங்குகிற பொருள். அதை விற்கிறவர் சொல்லவேண்டிய முதல் விஷயமே அந்த வித்தியாசம்தான்.

ஆட்டோமேட்டிக் என்ற ஒரே பெயரில் குறைந்தது நான்கு விதமான இயந்திரங்கள் விற்கப்படுகின்றன. விலை குறைந்தது ஏ.எம்.டி. உள்ளே இருப்பது சாதாரண கியர்பாக்ஸ்தான். நம் காலுக்குப் பதில் ஒரு சின்னக் கருவி கிளட்ச்சை இயக்குகிறது. கியர் மாறும்போது ஒரு நொடி இழுவை அறுந்து, உட்கார்ந்திருப்பவர் தலை முன்னால் ஆடும். டாடா நெக்ஸான் போன்ற சிறிய எஸ்.யு.வி.களில் இது கிடைக்கிறது. தனியாக ஆபீஸ் போய்வர இது போதும். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகிறவர்களுக்கு நான் இதைச் சொல்வதில்லை.

அடுத்தது டார்க் கன்வெர்ட்டர். பழைய முறை, உழைக்கிற முறை. இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே ஒரு எண்ணெய் சுழன்று விசையைக் கொண்டுபோகிறது. வண்டி நின்று கிளம்பும்போது உரசித் தேய அங்கே கிளட்ச் இல்லை. பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி தானாக மெல்ல ஊரும். நெரிசலுக்கு இது பெரிய வசதி. மாருதி பிரெஸ்ஸா, மஹிந்திரா எக்ஸ்.யு.வி. 3எக்ஸ்.ஓ., ஸ்கோடா குஷாக்கின் 1.0 லிட்டர் டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் இன்ஜின்) ஆகியவற்றில் இது வருகிறது. பெட்ரோல் கொஞ்சம் கூடக் குடிக்கும்.

சி.வி.டி.யில் கியர் என்ற படிகளே கிடையாது. இரண்டு கப்பிகள், அவற்றைச் சுற்றி ஓர் உலோக பெல்ட் அல்லது சங்கிலி. கப்பிகள் விரிந்து சுருங்கும்போது வேகம் வழுக்கிக்கொண்டு போவதுபோல் ஏறும். பின்சீட்டில் இருப்பவர்களுக்கு இதைவிடச் சுகம் கிடையாது. ஆனால் லாரியை முந்த ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் முதலில் இன்ஜின் கத்தும், வண்டி அதற்கப்புறம்தான் வரும். ஹோண்டா எலிவேட்டிலும், ஹூண்டாய் கிரெட்டா, கியா செல்டோஸ் இரண்டின் டர்போ இல்லாத சாதாரண 1.5 லிட்டர் இன்ஜினோடும் இந்த வகைதான்.

நான்காவது, இரட்டை கிளட்ச். ஒன்று, மூன்று, ஐந்து கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரண்டு, நான்கு, ஆறுக்கு இன்னொன்று. அடுத்த கியர் எப்போதும் தயாராக நிற்கும், அதனால் மாறுவதே தெரியாது. கிரெட்டாவின் 160 குதிரைத்திறன் டர்போ இன்ஜினோடு இது வருகிறது. திருச்சி நாற்கரச் சாலையில் ஓட்டிப் பாருங்கள், இறங்க மனசு வராது. ஆனால் காளவாசல் சிக்னலில் அடி அடியாக ஊர்ந்து போகும்போது அந்த கிளட்ச் பாதி பிடித்தும் பிடிக்காமலும் உரசிக்கொண்டே இருக்கும். அப்போது சூடேறுகிறது. மதுரையின் மே மாத வெயிலையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். தினமும் ஊருக்குள்ளேயே ஓட்டுகிறவர்கள் இதை இரண்டு தடவை யோசிக்கவேண்டும்.

இந்த நாலிலும் சேராதது ஸ்ட்ராங் ஹைபிரிட், அதாவது பெட்ரோல் இன்ஜினோடு பேட்டரியில் ஓடும் மின் மோட்டாரும் சேர்ந்த வண்டி. மாருதி கிராண்ட் விட்டாராவிலும் டொயோட்டா ஹைரைடரிலும் உண்டு. நெரிசலில் பெரும்பாலும் மோட்டாரே வண்டியை நகர்த்துவதால் சத்தமும் இல்லை, பெட்ரோல் செலவும் குறைவு. லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர் என்பது நிறுவனம் சொல்லும் சோதனைக் கணக்கு. சாலையில் அவ்வளவு வராது, ஆனாலும் மற்றவற்றைவிட அதிகமாகவே வரும். பேட்டரி டிக்கிக்கு அடியில் இருப்பதால் சாமான் வைக்க இடம் சுருங்கிவிடுகிறது. ஐந்து பேர் குடும்பமாக ஊருக்குப் போகிறவர்கள் பெட்டிகளைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

சரி, நம் ஊர்க்காரர்கள் வண்டி வாங்கினால் முதலில் கோவிலுக்கு, அடுத்து கொடைக்கானலுக்கு. மதுரை கடல் மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர் உயரம். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். அங்கே காற்று மெலிவதால் டர்போ இல்லாத இன்ஜின் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். டர்போ காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் அதற்கு இழப்பு குறைவு. வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போது, ஐந்து பேரும் ஏ.சி.யும் இருக்கையில், இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

ஏறுவதைவிட இறங்குவதைப் பற்றித்தான் எனக்குக் கவலை. ஆட்டோமேட்டிக் ஓட்டுகிறவர்கள் கியரை 'டி'யிலேயே (டிரைவ், வழக்கமாக ஓட்டும் நிலை) விட்டுவிட்டு, மலை முழுக்க பிரேக்கை மட்டும் மிதித்து இறங்குகிறார்கள். பிரேக் காய்ந்து கருகல் வாடை வரும், பிறகு பிடிக்காது. 'எல்' (லோ, குறைந்த கியர்) நிலையோ, கையால் கியரைக் குறைக்கும் வசதியோ, ஸ்டியரிங்குக்குப் பின்னால் விரலால் கியர் மாற்றும் பேடில் ஷிஃப்டரோ இருந்தால் இன்ஜினே வண்டியைப் பிடித்து இறக்கும். நீங்கள் எடுக்கிற வேரியன்டில் இதில் எது இருக்கிறது என்று கேளுங்கள். மேற்கூரைக் கண்ணாடி இருக்கிறதா என்று கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள். மதுரை வெயிலில் அந்தக் கண்ணாடியை எத்தனை நாள் திறக்கப்போகிறோம்?

விலையில் ஒரு கணக்கு. 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்கு மிகாத நீளமும் 1200 சி.சி.க்கு மிகாத பெட்ரோல் இன்ஜினும் உள்ள காருக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். அதைத் தாண்டினால் 40. பிரெஸ்ஸா நான்கு மீட்டருக்குள் இருந்தாலும் 1.5 லிட்டர் இன்ஜின், அதாவது 1200 சி.சி.க்கு மேல் என்பதால் 40-இல் சேர்கிறது. அப்புறம் நம் மாநிலச் சாலை வரி: 2023 நவம்பர் முதல் ஐந்திலிருந்து பத்து லட்சம் வரை 13 சதவீதம், பத்து தாண்டினால் 18, இருபது தாண்டினால் 20. ஆக, பத்து லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே இருக்கும் வண்டியில் ஒரு வசதியைக் கூட்டி எல்லையைத் தாண்டினால், வரியில் மட்டும் அரை லட்சம் கூடும். ஷோரூம் விலையை ஒப்பிடாதீர்கள், வரி, பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்த ஆன்ரோடு விலையை எழுதி வாங்கி ஒப்பிடுங்கள்.

டெஸ்ட் டிரைவை ஞாயிறு காலை காலிச் சாலையில் முடித்துக்கொள்ளாதீர்கள். வேலைநாள் சாயங்காலம் போங்கள். நீங்கள் வாங்கப்போகும் அதே இன்ஜின், அதே கியர்பாக்ஸ் வேண்டும் என்று அடம்பிடியுங்கள், இல்லையென்றால் இன்னொரு நாள் வருகிறோம் என்று எழுந்துவிடுங்கள். எல்லீஸ் நகர் பாலம் மாதிரி ஒரு ஏற்றத்தில் நிறுத்தி, பிரேக்கை விட்டால் எவ்வளவு பின்னால் உருளுகிறது என்று பாருங்கள். வீட்டுப் பெரியவரைக் கூட்டிப் போங்கள். எங்கள் அத்தை ஒரு வண்டியில் ஏறவே மேல்கைப்பிடியைப் பிடித்துத் தொங்கவேண்டியிருந்தது. விலையும் இன்ஜினும் எங்களுக்குப் பிடித்திருந்தும் அதை அன்றே விட்டுவிட்டோம். கடைசியில் எடுத்தது சி.வி.டி. எங்கள் ஓட்டத்தில் முக்கால்வாசி ஊருக்குள்ளேதான், பின்சீட்டில் இருப்பது அத்தை. மலையில் கொஞ்சம் சத்தம் போடுகிறது, அதற்குத் தயாராகவே எடுத்தோம். போடி, தேனிப் பக்கம் அடிக்கடி மலை ஏறுகிறவர்களுக்கு நான் டார்க் கன்வெர்ட்டரைத்தான் சொல்வேன்.

இன்னும் ஒன்று, இது பயிற்சியாளராகச் சொல்வது. கிளட்ச் பழகியவர் ஆட்டோமேட்டிக்கில் உட்கார்ந்தால், அவசரத்தில் இடது கால் கிளட்ச்சைத் தேடிப் போய் பிரேக்கை ஓங்கி மிதித்துவிடும். பின்னால் வருகிற பைக்காரர் என்ன செய்வார்? என்னிடம் வருகிறவர்களை முதல் வாரம் இடது காலைச் சீட்டோடு ஒட்டிப் பின்னால் இழுத்து வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். வண்டி கைக்கு வந்த அன்றே டவுன்ஹால் ரோடு பக்கம் கொண்டுபோகாமல், ரிங் ரோட்டில் விடியற்காலையில் இரண்டு நாள் அப்படி ஓட்டிப் பழகிவிட்டு வாருங்கள். வணக்கம்.