ஒரு பிடி கேழ்வரகு

பங்கு மக்கள் எல்லோருக்கும் வணக்கம்.

கிறிஸ்துமஸ் காலத்தில் வீட்டில் செய்கிற வழக்கங்களில் ரொம்பப் பிடித்ததைச் சொல்லுங்கள் என்றார்கள். கேக் மாவைக் கலந்து பேக்கரி அடுப்புக்குத் தூக்கிப்போய் வரிசையில் நின்றது, முள்கரண்டியின் முதுகில் மாவை அழுத்திக் குல்குல் சுருட்டியது எல்லாம் உங்கள் வீட்டிலும் நடந்ததுதான். நான் இயேசு பிறந்த மாட்டுத் தொழுவம் போல வீட்டில் அமைக்கிற குடிலைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

எங்கள் வியாசர்பாடி வீட்டில் குடில் வேலை கேழ்வரகில் தொடங்கும். கேவுரு என்றுதான் அம்மா சொல்வார். டிசம்பர் பத்து, பதினொன்று வாக்கில் ஒரு பிடி எடுத்து ராத்திரி முழுக்க ஊற வைப்பார். காலையில் நீரை வடித்து ஈரத்துணியில் மூட்டை கட்டுவார். முளை எட்டிப் பார்த்ததும் பழைய அலுமினியத் தட்டில் மண் பரப்பித் தூவுவார். தண்ணீர் தெளிப்பது பிள்ளைகள் வேலை. ஊற்றக்கூடாது, தெளிக்கத்தான் வேண்டும். ஊற்றினால் விதை ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். இருபத்துநாலாம் தேதிக்குள் விரல் உயரத்துக்குப் பச்சைப்பசேல் என்று நிற்கும். அதுதான் பெத்லகேமின் வயல். ஆடுகளையும் இடையர்களையும் அதில் நிறுத்துவோம். தொட்டில் மட்டும் காலியாக இருக்கும். நடுராத்திரி பூசை முடிந்து வந்து, வீட்டில் எல்லோரையும் விடச் சின்னப் பிள்ளைதான் பாலனை, அதாவது குழந்தை இயேசுவின் சிலையை, அதில் வைக்கவேண்டும். தூங்கிவிட்டால் எழுப்பியாவது வைக்கச் சொல்வோம்.

2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் வந்தது நினைவிருக்கும். எங்கள் வீட்டில் முட்டிக்கு மேல் தண்ணீர். குடிலில் வைக்கிற சிலைகள், அதாவது சுரூபங்கள், கட்டிலுக்கடியில் அட்டைப்பெட்டியில் இருந்தன. அம்மா காலத்துச் சுரூபங்கள். தண்ணீர் வடிந்தபிறகு பெட்டியைத் திறந்தால், மாதாவும் சூசையப்பரும் ராஜாக்களும் சுண்ணாம்புக் கூழாகக் கிடந்தார்கள். நான் உட்கார்ந்து அழுதேன். பாலன் மட்டும் தப்பினார். அவரைத் தனியாகப் பீரோவில் துணி சுற்றி வைப்பது அம்மாவின் பழக்கம்.

புதிதாக ஒரு செட் வாங்கலாம் என்றான் மகன். எனக்கு மனசு வரவில்லை. அப்போதுதான் புனித பிரான்சிஸ் அசிசியார் நினைவுக்கு வந்தார். 1223இல் இத்தாலியின் கிரேச்சியோ என்ற மலை ஊரில் அவர் அமைத்த குடிலில் என்ன இருந்தது? ஒரு தீவனத் தொட்டி, வைக்கோல், உயிரோடு ஒரு மாடு, ஒரு கழுதை. அவ்வளவுதான். ஊர் சனம் தீப்பந்தம் பிடித்துக்கொண்டு வந்து அதன் முன்னால் பூசை கண்டது. எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்த அந்த டிசம்பரில்தான் அதற்கு எண்ணூறு வருஷம் நிறைந்தது.

சரி என்று பின் தெருவில் மாடு வைத்திருக்கும் பால்காரரிடம் வைக்கோல் கேட்டேன். காரணம் தெரிந்ததும் காசு வேண்டாம் என்றுவிட்டார். சேறு கழுவிய தரையில் வைக்கோல், சுற்றிலும் கேழ்வரகுப் பயிர். வேறொன்றும் இல்லை. நாலு வயசுப் பேத்தி பாலனை வைத்துவிட்டு, “அம்மா எங்கே?” என்று கேட்டாள். பிறகு அவளே தன் துணிப் பொம்மையை எடுத்துவந்து பக்கத்தில் படுக்க வைத்தாள்.

புதுச் சுரூபங்கள் இன்னும் வாங்கவில்லை. அந்தத் துணிப் பொம்மைதான் எங்கள் குடிலில் மாதா.

இன்று தேதி ஒன்பது. நாளை ஊற வைத்தால் சரியாக இருக்கும். ஒரு மூட்டை கேழ்வரகு கொண்டுவந்து வாசல் மேசையில் வைத்திருக்கிறேன். போகும்போது பிள்ளைகள் கையாலேயே ஆளுக்கு ஒரு பிடி எடுத்துக்கொள்ளட்டும்.