கூரையில் பாய்ந்த ஈயம்

நேயர்களுக்கு வணக்கம். கூர்முனை வளைவுகள் கொண்ட இடைக்கால ஐரோப்பியப் பாணியான கோதிக் தேவாலயம் என்றதும் எல்லோரும் பாரிசுக்கும் லண்டனுக்கும் போய்விடுகிறார்கள். நான் உங்களை ஒரு கிராமத்துக்கு அழைக்கிறேன். இங்கிலாந்தின் கிழக்கே, சஃபோக் பகுதியில், ஆற்றோரச் சதுப்பைப் பார்த்தபடி நிற்கும் பிளைத்பரோ. சில நூறு பேர் வாழும் ஊர். தேவாலயமோ ஒரு நகரத்துக்கே போதும். காரணம், அந்த ஊர் ஒரு காலத்தில் துறைமுகம். 15ஆம் நூற்றாண்டில், கையில் காசு புரண்டபோது கட்டியது. பிறகு ஆறு தூர்ந்தது, கப்பல்கள் பெருத்தன, வணிகம் போய்விட்டது. கோவில் மட்டும் நின்றது.

அந்தப் பக்கத்தில் நல்ல கட்டடக் கல் கிடையாது. கிடைப்பது சிக்கிமுக்கிக் கல்தான். அதை உடைத்தால் உள்முகம் கருகருவென்று பளபளக்கும். அந்த முகத்தை வெளியே காட்டி, நடுநடுவே வெளிர்கல் பதித்து, சுவரிலேயே கோலம் போட்டிருக்கிறார்கள்.

உள்ளே ஒரே வெளிச்சம். மேலே இருப்பது கல் அல்ல, மரக்கூரை, பாரம் குறைவு. அதையும் கூர்முனை வளைவுகள் தூண்களில் இறக்கிவிடுகின்றன. அதனால் மேல்வரிசையில் மட்டும் பக்கத்துக்கு 18 ஜன்னல்கள்.

அந்தக் கூரையில்தான் எனக்குப் பிரியமான சம்மனசுகள், அதாவது தேவதூதர்கள். மரத்தில் செதுக்கியவை. முதுகோடு முதுகு சேர்த்து, ஒன்று கிழக்கையும் மற்றது மேற்கையும் பார்க்க, சிறகு விரித்திருக்கின்றன. அந்த மரங்களில் ஈயக் குண்டுகள் பாய்ந்திருக்கின்றன. சுட்டது யார்?

ஊர்க்கதை வில்லியம் டௌசிங்கைக் கைகாட்டும். இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர்க்காலத்தில், கோவில் கோவிலாகப் போய்ச் சிலைகளையும் வண்ணக் கண்ணாடிகளையும் உடைத்த தூய்மைவாதி, அதாவது கோவிலில் உருவங்களே கூடாது என்ற கிறிஸ்தவப் பிரிவினர். 1644 ஏப்ரலில் பிளைத்பரோவுக்கும் வந்தார். உடைத்ததையெல்லாம் நாட்குறிப்பில் ஒழுங்காக எழுதிவைத்த மனிதர்! அவருடைய ஆட்கள் கூரையைப் பார்த்துச் சுட்டார்கள் என்பது கதை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1970களில் கூரையைப் பழுதுபார்த்தபோது கிடைத்த குண்டுகள் 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கோவில் கணக்கைப் புரட்டினால், அதே நூற்றாண்டில், கூரையில் அடைந்த காக்கை இனப் பறவைகளைச் சுடுவதற்கு வெடிமருந்துக்கும் குண்டுக்கும் காசு கொடுத்த செலவுக் குறிப்பு! ஆக, சம்மனசுகள் மீது யாருக்கும் கோபமில்லை. குறி பறவைக்கு, அடி சம்மனசுக்கு. டௌசிங் செய்த அட்டூழியங்கள் வேறு ஏராளம். செய்யாததையும் அவர் தலையில் ஏன் கட்ட வேண்டும்? நான் இதைச் சொன்னால் நண்பர்களுக்கு முகம் சுருங்கிவிடுகிறது. காக்கையைவிட வில்லன் அவர்களுக்கு வசதி.

அப்புறம் கறுப்பு நாய். 1577 ஆகஸ்ட் 4, ஞாயிறு காலை, வழிபாட்டின்போது பேரிடி. கோபுர உச்சி கூரையைப் பிளந்துகொண்டு விழுந்தது; உயிர்களும் போயின. சாத்தான் நாயாக வந்தான் என்றார்கள். வடக்குக் கதவில் உள்ள கருகல் தடங்களை அதன் நகக்கீறல் என்று இன்றும் காட்டுகிறார்கள். மெழுகுவத்திச் சூட்டுத் தடமாக இருக்கலாம் என்பவர்கள் பக்கம் நான்.

நிலைய நண்பர் கடிகாரத்தைக் காட்டுகிறார். இருக்கை முனைச் சிற்பங்களைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். கிறிஸ்தவர்கள் சொல்லும் ஏழு தலையான பாவங்களில் சோம்பல் அங்கே கட்டிலில் கிடக்கிறது, பெருந்தீனி தொப்பையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. 1682ஆம் ஆண்டு பொறித்த மரப் பொம்மை ஒன்றும் உண்டு. மணியடிப்பது அதன் வேலை. அதற்குள் எனக்கே மணியடித்துவிட்டார்கள். வணக்கம்.