போட்டி இல்லாத இடத்தில் சந்தை ஏது?

அவையோருக்கு வணக்கம்.

நகராட்சிப் பணிகளைத் தனியாரிடம் விடலாமா, கூடாதா என்றுதான் பெரும்பாலான விவாதங்கள் தொடங்குகின்றன. தடையற்ற சந்தையின் பக்கம் நிற்பவன் என்ற முறையில் சொல்கிறேன், கேள்வியே கோணல். குப்பை அள்ளும் வேலையை ஒரே நிறுவனத்துக்கு முப்பது ஆண்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் அங்கே சந்தை கிடையாது. முதலாளி மாறியிருக்கிறார், அவ்வளவுதான். விலையை இறக்குவது போட்டி. அது நிலைப்பதும் குலைவதும் டெண்டர் ஆவணத்தின் வாசகங்களில் இருக்கிறது. அமெரிக்க நகரங்கள் சிலவற்றின் அனுபவத்தைப் பார்ப்போம்.

அரிசோனாவின் ஃபீனிக்ஸ் 1970களின் இறுதியில் குப்பை சேகரிப்பை ஏலத்துக்கு விட்டது. ஊரைப் பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு ஒரு டெண்டர் விட்டார்கள். மாநகராட்சியின் பொதுப்பணித் துறையும் தனியாரோடு சேர்ந்து விலை கேட்கலாம். துறை காட்டும் கணக்கை நகரத் தணிக்கையாளர் சரிபார்ப்பார். முதல் சில சுற்றுகளில் துறை தோற்றது. தோற்றபின் வண்டிகள் போகும் தடங்களைத் திருத்தியது. ஓட்டுநர் ஒருவரே இருக்கையில் அமர்ந்தபடி தொட்டியைத் தூக்கிக் கொட்டும் வண்டிகளுக்கு மாறியது. 1980களில், இழந்த பகுதிகளை டெண்டரிலேயே வென்று மீட்டது. பகுதி பகுதியாகப் பிரித்ததில் இன்னொரு நன்மையும் உண்டு. ஒருவர் வேலையைப் பாதியில் விட்டு ஓடினாலும் அடுத்த பகுதியின் வண்டிகள் அன்றைக்கே கைகொடுக்கும்.

இண்டியானாபோலிஸ் நகரின் கதை இதைவிட நுணுக்கமானது. 1992இல் மேயரான ஸ்டீபன் கோல்ட்ஸ்மித் சாலைப் பள்ளம் மூடும் வேலையைப் போட்டிக்கு விட நினைத்தார். ஒரு டன் தார்க்கலவையைப் பள்ளத்தில் கொட்டி இறுக்க எவ்வளவு செலவாகிறது? பட்ஜெட்டில் துறைக்கு ஒரு மொத்தத் தொகை இருந்ததே தவிர, இதற்கு விடை இல்லை. கூலி, வண்டி ஓடிய மணி, தேய்மானம், மேற்பார்வையாளர் சம்பளம் என ஒவ்வொன்றையும் அந்த ஒரு டன்னின் தலையில் ஏற்றிக் கணக்கிட்டார்கள். கணக்கைப் பார்த்த தொழிலாளர் சங்கம் நியாயமான கேள்வியை எழுப்பியது: இத்தனை மேற்பார்வையாளர்களின் சம்பளத்தையும் சுமந்துகொண்டு நாங்கள் எப்படிப் போட்டியிடுவது? மேயர் மேற்பார்வையாளர்களைக் குறைத்தார். தொழிலாளர்கள் தாங்களே எட்டுப் பேர் குழுவை ஐந்தாக்கினார்கள். டன்னுக்கு 425 டாலராக இருந்த செலவு 307க்கு இறங்கியது. டெண்டரும் அவர்களுக்கே கிடைத்தது. சந்தைவாதம் தொழிலாளிக்குப் பகை என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும்.

துறையின் விலையையும் தனியாரின் விலையையும் ஒப்பிடும்போது இரண்டு பக்கமும் ஏமாற்றம் நடக்கும். ஓய்வூதியப் பொறுப்பையும் வண்டித் தேய்மானத்தையும் விட்டுவிட்டால் துறையின் விலை பொய்யாக மலிந்து தெரியும். வேலை வெளியே போனாலும் குறையாத ஆணையர் சம்பளத்தையும் கட்டடச் செலவையும் துறையின் தலையில் கட்டினால் தனியாரின் விலை பொய்யாக மலியும். ஒப்பந்தத்தைக் கண்காணிக்கும் ஆட்களின் சம்பளத்தைத் தனியார் விலையோடு கூட்டுவதும் அடிக்கடி விட்டுப்போகிறது.

ஒப்பந்தக் காலம் எவ்வளவு? வண்டியின் ஆயுளை ஒட்டி இருப்பது நல்லது. இரண்டே ஆண்டு என்றால் வண்டியின் முழு விலையையும் அதற்குள் எடுக்கப் பார்ப்பார்கள், விலை ஏறும். இருபது ஆண்டு என்றால் அடுத்த சுற்றில் போட்டிக்கு ஆளே மிஞ்சாது.

இப்போது சிகாகோ. 2008 டிசம்பரில் அந்த நகரம், தெருவோரம் வண்டி நிறுத்தக் கட்டணம் வாங்கும் தன் பார்க்கிங் மீட்டர்களை 75 ஆண்டுக்குக் குத்தகைக்கு விட்டது. ஏறக்குறைய 115 கோடி டாலர். அறிவித்த சில நாள்களுக்குள் நகரமன்றம் ஒப்புதல் தந்தது. அடுத்த ஆண்டே நகரின் தலைமை ஆய்வாளர், மீட்டர்களின் மதிப்பைவிடச் சுமார் 97 கோடி டாலர் குறைவாக வாங்கியிருக்கிறார்கள் என்று அறிக்கை தந்தார். சாலைப் பணிக்காகவோ திருவிழாவுக்காகவோ மீட்டர் இடங்களை மூடினால் நகரமே குத்தகைதாரருக்கு ஈடு கட்ட வேண்டும் என்ற விதியும் அதில் இருக்கிறது. தன் தெருவில் சைக்கிள் பாதை போடக்கூட நகரம் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. இதைச் சந்தையின் வெற்றி என்று நம் பக்கத்தில் யாராவது சொன்னால் நான் மறுப்பேன். இரண்டு தலைமுறையின் வருமானத்தை ஒரு பட்ஜெட் ஓட்டைக்கு அடைத்த வேலை அது.

ஜார்ஜியாவின் சாண்டி ஸ்ப்ரிங்ஸ் 2005இல் நகரமானபோது, காவல், தீயணைப்பு தவிர ஏறக்குறைய எல்லா வேலைகளையும் ஒரே நிறுவனத்திடம் ஒப்படைத்தது. 2011இல் அதைப் பிரித்துப் பல நிறுவனங்களுக்குக் கொடுத்தது. 2019இல் வந்த விலைகளைத் தன் சொந்தக் கணக்கோடு வைத்துப் பார்த்து, பெரும்பாலான பணிகளைத் தானே எடுத்துக்கொண்டது, ஐந்தாண்டில் 1.4 கோடி டாலர் மிச்சமாகும் என்பது நகரத்தின் மதிப்பீடு. இதை நம் தோல்வி என்று எழுதினார்கள். சிகாகோவால் செய்ய முடியாததை இந்த ஊரால் செய்ய முடிந்ததே, எப்படி? ஒப்பந்தம் முடியும் நாள் ஒன்று இருந்தது.

ஒப்பந்தத்தில் அந்த நாளுக்கான பக்கத்தை முதலில் எழுதுங்கள். தொட்டிகள் யாருக்குச் சொந்தம்? வண்டித் தட வரைபடமும் தெருவாரியான எடைப் பதிவும் யார் கையில்? அவை பழைய ஒப்பந்ததாரரிடம் சிக்கிக்கொண்டால், புதிதாக வருபவர் எத்தனை டன் அள்ள வேண்டும் என்றே தெரியாமல் விலை கேட்பார். தெரியாததற்கெல்லாம் சேர்த்துக் கூட்டித்தான் கேட்பார். அந்தப் பதிவுகள் மாதாமாதம் நகரத்தின் கணினிக்கு வந்து சேர வேண்டும், வராத மாதத்துக்குப் பணம் நிறுத்தப்படும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.