நீதிமன்ற வாசலில் கைது வேண்டாம்

மதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே, அருமையான வாழ்த்துரை வழங்கி அமர்ந்திருக்கும் மருத்துவர் அம்மையார் அவர்களே, இந்நிகழ்வுக்காகப் பல வாரங்கள் உழைத்த மகளிர் அணிப் பொறுப்பாளர்களே, டெக்சாஸ் வாழ் தமிழ்ப் பெருமக்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

லத்தீன் அமெரிக்க வழிவந்த பெண்கள் கணவனாலும் காதலனாலும் அனுபவிக்கும் வன்முறையைக் குடும்பம், திருச்சபை, சட்டம் என்ற மூன்று நிலைகளில் பேசவே வந்தேன். ஆனால் சட்டத்தைப் பற்றிய கவலையே, அதிலும் பாதுகாப்புத் தேடி நீதிமன்றம் வருபவர்களை அங்கேயே குடியேற்றத் துறை கைது செய்வது பற்றிய கவலையே, என் நெஞ்சை நிறைத்திருக்கிறது.

வேலியே பயிரை மேய்ந்தால் விளைச்சல் ஏது? குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள கணவன், மனைவியின் குடியேற்ற விண்ணப்பத்தைத் தன் பிடியில் வைத்துக்கொண்டு, போலீசிடம் போனால் நாடு கடத்தப்படுவாய் என்று மிரட்டுகிறான். இதற்காகவே பெண்களுக்கு எதிரான வன்முறையைத் தடுக்க வந்த 1994ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம், அவனுக்குத் தெரியாமல் அவளே விண்ணப்பிக்க வழி செய்தது. 2000இல் வந்த யூ விசா, குற்ற விசாரணைக்கு உதவும் பெண்களுக்குப் பாதுகாப்பளிக்கிறது. ஆயினும் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேருக்கே அது கிடைப்பதால் காத்திருப்பு பல ஆண்டுகள் நீள்கிறது.

நம் டெக்சாஸின் எல்லை நகரமான எல் பாசோவில் நடந்ததைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், பொறுத்தருள்க. 2017 பிப்ரவரியில், மெக்சிகோவிலிருந்து வந்து உரிய ஆவணங்களின்றி வாழ்ந்த ஒரு திருநங்கை, தன்னைத் துன்புறுத்திய காதலனுக்கு எதிராகப் பாதுகாப்பு ஆணை கேட்டு மாவட்ட நீதிமன்றத்துக்கு வந்தார். அடைக்கல இல்லத்தில் தங்கியிருந்தவர் அவர். நீதிபதி ஆணை வழங்கினார். நீதி கிடைத்தது என்று அவர் மூச்சுவிடுவதற்குள், அதே கட்டடத்தில் குடியேற்றத் துறை அதிகாரிகள் அவரைப் பிடித்துச் சென்றார்கள். துப்புக் கொடுத்தவன் அந்தக் காதலனாகவே இருக்கலாம் என்று மாவட்ட அரசு வழக்கறிஞரே வெளிப்படையாக ஐயம் தெரிவித்தார். வேலியே பயிரை மேய்ந்தது, பெரியோர்களே!

அந்த ஆண்டின் முதல் மூன்று மாதங்களில், ஹூஸ்டனில் ஹிஸ்பானியர்கள், அதாவது ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வழிவந்தவர்கள், அளித்த வன்புணர்வுப் புகார்கள் முந்தைய ஆண்டைவிட 42.8 விழுக்காடு குறைந்தன என்று அந்நகரக் காவல்துறைத் தலைவர் அறிவித்தார். மற்றவர்களின் புகார்களோ கூடியிருந்தன. குற்றம் குறைந்ததாக அவரே கருதவில்லை. அச்சமே வாயை அடைத்தது என்றார்.

நீதிபதியின் பிடியாணையின்றி நீதிமன்றங்களில் குடியேற்றக் கைது செய்யக்கூடாது என்று நியூயார்க் மாநிலம் 2020இல் சட்டம் இயற்றியது. டெக்சாஸில் அப்படி ஒரு சட்டம் இல்லை. இங்கே வாக்குரிமை பெற்ற ஒவ்வொருவரும் தம் சட்டமன்ற உறுப்பினருக்கு இதற்காக ஒரு கடிதம் எழுத வேண்டுமென மன்றாடுகிறேன். வாசலருகே மேசையில் தாளும் உறையும் வைத்திருக்கிறோம்.