புரோத்தனின் நிறுவைக் கணக்கு: பண்டாரவளை நேயரின் சந்தேகம்

வணக்கம். பண்டாரவளையில் உயர்தரம் படிக்கும் ஒரு மகள் கேட்டிருக்கிறார்: "சேர், ஜெனீவாவில் புரோத்தனோடு புரோத்தனை மோதவிடுகிறார்களே, பிறகு இலத்திரனையும் புரோத்தனையும் மோதவிடப் புதிய இயந்திரம் எதற்கு? புதிய துணிக்கை கிடைக்குமா?" இரண்டு நாளாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

பழைய நேயர்களுக்கு என் அரிசி மூட்டை தெரியும். மறுபடியும் அதையே சொல்கிறேன், ஏனென்றால் அதைவிட நல்லது எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. இரண்டு மூட்டைகளை ஓங்கி மோதினால் அரிசி நாலாபக்கமும் சிதறும். எந்த மணி எங்கே இருந்தது என்று யார் சொல்வது? கடைக்காரர் குத்தூசியைச் செருகி உள்ளே இருப்பதைப் பார்க்கிறார். புரோத்தன்தான் மூட்டை; குவார்க்குகளும் அவற்றைப் பிணைக்கும் குளுவான்களும் அதற்குள். இலத்திரனுக்கு உட்பகுதி இருப்பதாக இதுவரை எவரும் காணவில்லை. அதனால் அது நல்ல குத்தூசி. எவ்வளவு திரும்பியது, எவ்வளவு சக்தி இழந்தது என்று அளந்தால் உள்ளே எதில் பட்டது என்று கணக்கிடலாம். 1960களின் கடைசியில் ஸ்டான்போர்டில் இப்படிக் குத்தித்தான் குவார்க்குகளின் தடயத்தைக் கண்டார்கள். 1990இல் அதற்கு நோபல் பரிசு.

பின்னர் ஜேர்மனியின் ஹம்பேர்க்கில் இலத்திரனையும் புரோத்தனையும் மோதவிட்ட ஹெரா என்ற இயந்திரம், 6.3 கிலோமீற்றர் வளையம், 1992 முதல் 2007 வரை ஓடியது. புரோத்தனின் உந்தத்தில் சிறுசிறு பங்கைச் சுமப்பவற்றைத் தேடத் தேட, குளுவான்கள் பெருகிக்கொண்டே போவதை அது காட்டியது. ஹப்புத்தளையில் மாலை மூடுபனி ஏறுவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அப்படி. ஆனால் முடிவில்லாமல் அடர முடியுமா, அல்லது குளுவான்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஓர் எல்லையில் நிற்குமா? நியூயோர்க் மாநிலத்தின் புரூக்ஹேவனில் அமையும், மகள் கேட்ட அந்தப் புதிய இயந்திரம், யுரேனியம் வரையான கனமான அணுக்கருக்களையும் குத்தி இதைத் தேடும். அதன் சக்தி ஹெராவைவிடக் குறைவு; மோதல்களோ நூறு முதல் ஆயிரம் மடங்கு அதிகமாகும்படி திட்டமிட்டிருக்கிறார்கள். புதிய துணிக்கை தேட அது ஏற்றதல்ல. அதற்கு ஜெனீவாவில் வேறொரு முன்மொழிவு உண்டு: அங்குள்ள 7 டெரா இலத்திரன்வோல்ற்றுப் புரோத்தன்களோடு 50 கிகா இலத்திரன்வோல்ற்று இலத்திரன்களை மோதவிடுவது (இலத்திரன்வோல்ற்று என்பது துணிக்கைகளின் சக்தியை அளக்கும் அலகு; மெகா, கிகா, டெரா ஒவ்வொன்றும் முந்தியதைப்போல் ஆயிரம் மடங்கு). ஹிக்ஸ் என்ற துணிக்கையையும் அதில் உருவாக்கி ஆராயலாம்.

ஆனால் மகள், நீங்கள் கேட்டிருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது நிறுவையைப் பற்றி. என் அம்மா கொழுந்து பறித்தவர். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு காட்டியதிலிருந்து கூடைக்கும் ஈரத்துக்கும் கழித்துத்தான் பெயருக்கு எழுதுவார்கள். இரவில் லயத்தில் விரல்விட்டுக் கூட்டிப் பார்ப்பார், கணக்கு இடிக்கும். புரோத்தனிலும் இடிக்கிறது, மறுபக்கமாக. மூன்று குவார்க்குகளின் திணிவைக் கூட்டினால், சக்தியின் அலகிலேயே சொல்வதானால், ஏறத்தாழ 9 மெகா இலத்திரன்வோல்ற்று. புரோத்தனோ 938! அம்மாவுக்குப் பறித்ததைவிட எழுதியது குறைந்தது. இங்கே உள்ளே போட்டதைவிட நிறுவை நூறு மடங்கு கூடி நிற்கிறது.

மிகுதி எல்லாம் குவார்க்குகளின் ஓட்டத்திலும் குளுவான்களின் புலத்திலும் உள்ள சக்தி. ஐன்ஸ்டைனின் சமன்பாடு அதைத் திணிவாகக் காட்டுகிறது. மொத்தத்தைக் கணினியில் ஏற்கெனவே சரியாகப் பெற்றுவிட்டார்கள். புரோத்தனுக்குள் அது எங்கே எப்படிப் பரவியிருக்கிறது என்பதைத்தான் இனி அளந்து பார்க்க வேண்டும். புரூக்ஹேவன் இயந்திரம் ஓடத் தொடங்குவது 2030களில் என்பது திட்டம்.